உங்கள் கேள்விக்கு என் பதில்: இருநூறு மெயில், மூன்று பதில்

கே: சேலம் மேக்னசைட்டில் (வெள்ளைக்கல்) பிஎச்.டி. முடித்து ஏழு மாதம் ஆகிறது. போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) கேட்டு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இருநூறு பேருக்கு மெயில் போட்டேன். மூன்றே பதில், மூன்றும் 'இடமில்லை'. என்ன தப்பு செய்கிறேன்?
- பெயர் வேண்டாம், சூரமங்கலம்

ப: நீங்கள் இணைத்திருந்த மெயிலைப் படித்தேன். பெண் பேராசிரியருக்கும் 'மதிப்பிற்குரிய ஐயா' தான். பெயரை மாற்றினால் நாமக்கல் கோழிப்பண்ணைக்குக்கூட அனுப்பலாம், அவ்வளவு பொது.

போஸ்ட்டாக் படிப்பு இல்லை, வேலை. பேராசிரியரிடம் ஒரு புராஜெக்ட்டுக்கு என்று வந்த பணம் இருக்கும், அந்த வேலை தெரிந்த ஆளைத்தான் தேடுவார். 'சேலம் மேக்னசைட்' என்றால் அவருக்கு அது ஏதோ ஒரு ஊர்க் கல். ஆனால் நம்ம வெள்ளைக்கல் உண்டானது எப்படி? மக்னீசியம் நிறைந்த டியூனைட் பாறைக்குள் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் புகுந்து, நரம்பு நரம்பாகக் கல்லாக உறைந்தது. ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் என்ற திட்டக்காரர்கள் 2012-லிருந்து எரிமலைப் பாறைக்குள் அந்த வாயுவை இறக்கிக் கல்லாக்குகிறார்களே, ஏறக்குறைய அதே சங்கதிதான்! இதை முதல் வரியில் சொல்லியிருந்தால் கார்பனைக் கல்லாக்கும் ஆராய்ச்சியில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

பத்துப் பேர் போதும். ஒவ்வொருவருடைய சமீபத்திய கட்டுரையையும் படித்துவிட்டு, அதில் உங்களால் எதைச் சேர்க்க முடியும், எந்தக் கருவியை நீங்களே ஓட்டுவீர்கள் (கனிமத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்ஆர்டி, நுண்ணோக்கியான எஸ்இஎம்) என்று எட்டு வரிக்குள் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அப்புறம் விட்டுவிடுங்கள்.

வேலை விளம்பரங்களுக்கு யூராக்செஸ், நேச்சர் கேரியர்ஸ் இணையதளங்களைப் பாருங்கள். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்புக்குக் கடைசி நாள் வழக்கமாக செப்டம்பரில் வரும். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை ஃபெல்லோஷிப்பில் இளம் ஆய்வாளர் பிரிவுக்குப் பிஎச்.டி. முடித்து 4 வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு பேராசிரியர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும் என்பதால், சுற்றிச் சுற்றி அதே மெயிலில்தான் வந்து நிற்போம்.

கே: வயது 37, இயற்பியலில் பிஎச்.டி. இரண்டு குழந்தைகளுக்காக இடையில் நின்றுவிட்டேன். வெளிநாடு முடியாது. இனி வழி உண்டா?
- வாசகி, ஏற்காடு

ப: உண்டு. முன்பு மத்திய அரசின் செர்ப் வாரியம் நடத்தி இப்போது ஏஎன்ஆர்எஃப் என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பின் கைக்கு வந்திருக்கும் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு வயது வரம்பு 35, பெண்களுக்கு 5 வருஷத் தளர்வு, ஆக உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. காலம் 2 வருஷம். ஆனால் எப்போதும் திறந்திருக்காது, அறிவிப்பு வந்த பிறகு வழிகாட்டியைத் தேடினால் தேதி ஓடிவிடும். இப்போதே பேசி வையுங்கள். இடைவெளியை சிவியில் மறைக்க வேண்டாம், ஒரு வரியில் காரணம் எழுதினால் சரி.

கே: ஐந்து ரோட்டில் ஒரு கன்சல்டன்சி, பணம் கட்டினால் போஸ்ட்டாக் 'உறுதி' என்கிறது. நம்பலாமா?
- வாசகர், அம்மாப்பேட்டை

ப: வேண்டாம். பேராசிரியரே நேர்காணல் நடத்தி எடுக்கும் வேலையில் தரகர் எதை உறுதி செய்வார்? அட்வான்ஸ் கொடுத்திருந்தால் ரசீதோடு போய் நாளைக்கே திருப்பிக் கேளுங்கள்.