இம்ஜின் ஆற்றங்கரையில் – ஒரு கடிதம்

வணக்கம்.

போர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் போர்களை மறக்கவே மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வாட்டர்லூ, டன்கர்க், நார்மண்டி என்று புத்தகமும் படமும் இன்றைக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் போன மாதம் ஓர் உரையில், பிரிட்டனே மறந்துபோன போர்கள் உண்டு என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எந்தப் போர்? இவ்வளவு ஆவணம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நாடு எப்படி மறக்கும்? இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மை ஆண்ட ராணுவத்தின் வீரர்களை நாம் எதற்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நான் மனதில் வைத்திருந்தது கொரியப் போர். வடகொரியாவும் அதற்குத் துணையாக வந்த சீனாவும் ஒரு பக்கம்; தென்கொரியாவும் அதற்கு உதவ ஐ.நா. கொடியின் கீழ் வந்த அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளும் மறுபக்கம். அதிலும் 1951 ஏப்ரல் 22 முதல் 25 வரை இம்ஜின் ஆற்றங்கரையில் நடந்த சண்டை.

கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். ஃபாக்லாந்து, இராக், ஆப்கானிஸ்தான் மூன்றிலும் பிரிட்டன் இழந்த உயிர்களைக் கூட்டினாலும் இந்த எண்ணிக்கை வராது. அப்படியிருந்தும் லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில், கொரியப் போருக்கென்று ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது 2014 டிசம்பரில்தான். சண்டை நின்று 61 வருடங்கள் ஆகியிருந்தன. அங்கே போய் உயிரோடு திரும்பியவர்களில் பெரும்பாலானவர்கள் அதைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

நடந்தது இதுதான். தென்கொரியத் தலைநகர் சியோலைப் பிடிப்பதற்காக ஏப்ரல் 22 இரவு சீனா ஒரு பெரிய தாக்குதலைத் தொடங்கியது. இம்ஜின் ஆற்றைக் கடந்து சியோலுக்குப் போகும் வழியில் பிரிட்டனின் 29ஆம் படைப்பிரிவு இருந்தது. பிரிகேடியர் டாம் ப்ரோடியின் கீழ் மூன்று பிரிட்டிஷ் பட்டாலியன்கள், ஒரு பெல்ஜியப் பட்டாலியன் (ஒரு பட்டாலியன் என்பது சில நூறு வீரர்கள்), பின்னால் பீரங்கிகள், சென்சூரியன் டாங்கிகள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு அவர்கள் காக்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 12 மைல் நீளமுள்ள முனை. ஒரு குன்றில் இருப்பவர்களுக்கும் அடுத்த குன்றில் இருப்பவர்களுக்கும் நடுவே மைல் கணக்கில் ஆளே இல்லாத வெளி. முள்கம்பி போதவில்லை, கண்ணிவெடியும் கிடையாது. கொஞ்ச நாளில் முன்னேறப் போகிறோம், இது இடைத்தங்கல்தான் என்று மேலிடம் நினைத்திருந்தது. எதிரே வந்தது சீனாவின் 63ஆம் படை. மூன்று டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் பல ஆயிரம் பேர்.

படைப்பிரிவின் இடது ஓரத்தில் இருந்தது குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். தொப்பியின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு சின்னம் அணிந்தவர்கள் இவர்கள். 1801இல் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் முன்னும் பின்னும் எதிரி வந்தபோது முதுகோடு முதுகு ஒட்டி நின்று சண்டை போட்டதற்காகக் கிடைத்த உரிமை அது. 150 வருடம் கழித்துக் கொரியாவில் நாலாபக்கமும் சூழப்பட்டார்கள்.

முதல் இரவிலேயே 'காசில் சைட்' என்று அவர்கள் அழைத்த உச்சி கைவிட்டுப் போனது. அதை மீட்கப் போனவர் லெப்டினன்ட் பிலிப் கர்ட்டிஸ், வயது 24. பதுங்குகுழியில் இருந்த மெஷின்கன்னை நோக்கி ஓடும்போதே குண்டடி பட்டது. உடன் இருந்தவர்கள் அவரைப் பின்னால் இழுத்துவந்தார்கள். அவர் திமிறிக்கொண்டு மறுபடியும் மேலே ஓடினார். இரண்டாம் முறை குண்டு பாய்ந்து விழுந்தபோது அவர் எறிந்த கையெறிகுண்டு பதுங்குகுழியின் வாயில் வெடித்து மெஷின்கன்னை நாசமாக்கியது. பிரிட்டனின் மிக உயர்ந்த போர்வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கொடுக்கப்பட்டது, இறந்த பிறகு.

23, 24 தேதிகளில் மிஞ்சியவர்கள் ஒவ்வொரு குன்றாக விட்டு விலகி, கடைசியில் 235 என்று வரைபடத்தில் எண் போட்ட ஒரு குன்றில் ஒன்றுசேர்ந்தார்கள். தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது, ரேடியோ பேட்டரியும்தான். 24ஆம் தேதி அவர்களை மீட்க ஒரு படை கிளம்பி வந்தது. முன்னால் பிலிப்பைன்ஸ் படையின் இலகு டாங்கிகள், பின்னால் சென்சூரியன்கள். மலையிடுக்கில் முதல் டாங்கி அடிபட்டு வழியை அடைத்துக்கொண்டது. மற்றவை திரும்பிப் போயின.

25ஆம் தேதி விடிவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் இந்தப் போரைப் பற்றிப் பேச முடியாது. சீனர்கள் இருட்டில் ஊதுகொம்பு ஊதித்தான் தாக்குதலுக்கு ஆள் திரட்டுவார்கள். கீழே சரிவெங்கும் அந்தச் சத்தம். மேலே குழிகளில் இருந்தவர்கள் இரண்டு மூன்று நாளாகத் தூங்காதவர்கள். பட்டாலியனின் அட்ஜுடன்ட், அதாவது தளபதியின் நிர்வாக உதவி அதிகாரி, கேப்டன் ஆன்டனி ஃபரார்-ஹாக்லி, டிரம் மேஜர் பிலிப் பஸ்ஸைக் கூப்பிட்டு, நம் பியூகிளை எடுத்துப் பதிலுக்கு ஊதுங்கள் என்றார். பஸ் ஊதினார். காலையில் எழுப்பும் ஊதல், சாப்பாட்டுக்குக் கூப்பிடும் ஊதல், தண்டனை பெற்றவர்களை வரிசைக்கு அழைக்கும் ஊதல், அதிகாரிகளை இரவு விருந்துக்கு உடை மாற்றச் சொல்லும் ஊதல் என்று முகாமில் ஒரு நாள் முழுக்க ஒலிக்கும் அத்தனையையும் வரிசையாக ஊதினார். பின்வாங்கச் சொல்லும் ஊதலை மட்டும் விட்டுவிட்டார். ஊதி முடித்தபோது கீழே சத்தம் நின்றிருந்தது. குன்றில் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் தாக்குதல் மறுபடியும் வந்தது, அதையும் முறியடித்தார்கள்.

பின்வாங்கலாம் என்ற அனுமதி காலையில் வந்தபோது வழியெல்லாம் சீனர்கள். அவரவர் தப்பிப் போங்கள் என்பதைத் தவிரக் கட்டளைத் தளபதி ஜேம்ஸ் கார்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. கேப்டன் மைக் ஹார்வி மட்டும் தன் ஆட்களை எதிரி இருந்த வடக்குப் பக்கமே நடத்திக் கூட்டிப்போய், சுற்றி வளைத்துத் தெற்கே இறங்கினார். கடைசி நேரத்தில் அமெரிக்க டாங்கிகள் அவர்களைச் சீனர்கள் என்று நினைத்துச் சுட்டுவிட்டன. ஏறத்தாழ 40 பேர் பிழைத்தார்கள். 500க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். மருத்துவ அதிகாரி பாப் ஹிக்கியும் பாதிரியார் சாம் டேவிஸும் தப்பிக்க முயலவே இல்லை. தூக்கிப்போக முடியாத காயக்காரர்களோடு குன்றிலேயே உட்கார்ந்து கைதானார்கள். குண்டு மழையில் ஓடுவதைவிட இதற்கு அதிக நெஞ்சுரம் வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

கைதானவர்களில் டெரன்ஸ் வாட்டர்ஸ் என்று ஒரு லெப்டினன்ட், அப்போது வயது 21. தலையிலும் கையிலும் காயம். வடகொரியத் தலைநகர் பியோங்யாங் பக்கத்தில் ஈரம் சொட்டும் ஒரு குகையில், அவித்த சோளத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிரசாரக் குழுவில் சேர்ந்தால் சாப்பாடும் சிகிச்சையும் தருகிறோம் என்று வடகொரியர்கள் ஆசை காட்டினார்கள். வாட்டர்ஸ் தன் ஆட்களைச் சேரச் சொல்லி உத்தரவிட்டார். அவர்கள் உயிர் பிழைக்க வேண்டும், பழி உத்தரவிட்ட தன்மேல் இருக்கட்டும் என்பதற்காக. தான் அதிகாரி என்பதால் தன்னால் சேர முடியாது என்று மறுத்து, அந்தக் குகையிலேயே இறந்தார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது பெற்றவர். இன்றைக்கு இந்தப் பெயரைச் சொன்னால் பிரிட்டனிலேயே எத்தனை பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

சரி, எப்படி மறந்தார்கள் என்று கேட்டீர்கள்.

ஒரு காரணம் ஊர் களைத்துப்போயிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்து வருடம்தான். இறைச்சிக்கு ரேஷன் 1954 ஜூலை வரை இருந்தது. இம்ஜினில் நின்றவர்களில் பலர், ஒருமுறை உலகப் போருக்குப் போய்த் திரும்பி, வேலை, குடும்பம் என்று அமர்ந்த பிறகு மறுபடியும் அழைக்கப்பட்டவர்கள். மற்றவர்களில் கட்டாய ராணுவச் சேவையில் வந்த 19 வயதுப் பையன்கள் நிறைய. எங்கோ இருக்கும் கொரியாவைப் பற்றிக் கேட்க வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. போரும் வெற்றியில் முடியவில்லை. 1953 ஜூலை 27 அன்று, ஏறக்குறைய தொடங்கிய கோட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். தெருவில் இறங்கிக் கொண்டாட ஒரு நாள் இல்லாத போர் அது.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் இறந்தவர்களை விழுந்த நாட்டிலேயே புதைப்பதுதான் பிரிட்டனின் வழக்கம். பூசானில் உள்ள ஐ.நா. கல்லறைத் தோட்டத்தில் மற்ற எந்த நாட்டையும்விட பிரிட்டிஷ் கல்லறைகளே அதிகம். ஒரு பெட்டிகூட ஊர் திரும்பவில்லை. தெருவில் ஊர்வலம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கக்கூட எதுவும் இல்லை. தந்தி வந்த வீட்டோடு துக்கம் முடிந்தது.

இதற்குள் இன்னொரு மறதியும் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. இம்ஜின் என்று யாராவது நினைவுகூர்ந்தாலும் குளோஸ்டர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்க அதிபரின் பெயரிலான விருது அந்தப் பட்டாலியனுக்கும் அதோடு நின்ற ஒரு மோர்ட்டார் பிரிவுக்கும் கொடுக்கப்பட்டது. ஆனால் படைப்பிரிவு மொத்தமும் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் என்று இழந்தது சுமார் 1,100 பேர். ஏப்ரல் 25 அன்று ராயல் அல்ஸ்டர் ரைபிள்ஸும் நார்தம்பர்லேண்ட் ஃப்யூசிலியர்ஸும் இரண்டு பக்கமும் எதிரி இருந்த பள்ளத்தாக்குச் சாலையில் இறங்கி வந்தார்கள். டாங்கிகளின் மேல் காயக்காரர்களைக் கிடத்தியிருந்தார்கள். சீன வீரர்கள் டாங்கிமேல் ஏறி மூடியைத் திறக்கப் பார்த்தார்கள். ஒரு டாங்கிமேல் ஏறியவர்களை அடுத்த டாங்கி மெஷின்கன்னால் சுட்டுத் தள்ளியது. ஒரு டாங்கி அவர்களை உதிர்க்க ஒரு வீட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. ஃப்யூசிலியர்ஸின் தளபதி கிங்ஸ்லி ஃபாஸ்டர் அந்தச் சாலையில் இறந்தார். இதே அல்ஸ்டர் ரைபிள்ஸ் அதே ஆண்டு ஜனவரியிலேயே சியோலுக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் பெரும் இழப்பைச் சந்தித்திருந்தார்கள். அதற்காக அங்கே நட்ட கல் இப்போது பெல்ஃபாஸ்ட் நகர மன்ற வளாகத்தில் நிற்கிறது.

பன்னிரண்டு மைலை இவ்வளவு பேரை வைத்துக் காக்கச் சொன்னதும், பின்வாங்கும் அனுமதி அவ்வளவு தாமதமானதும் மேலிடத்தின் தவறுகள். ஒரு பட்டாலியனை வானளாவப் புகழ்ந்ததில் அந்தக் கேள்விகள் அமுங்கிப்போயின. இறந்தவர்களைப் புகழ்வது வேறு, அவர்களை ஏன் சாகவிட்டோம் என்று கேட்பது வேறு. இரண்டையும் செய்ய வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்வி. 1951இல் நாம் சுதந்திர நாடு. அங்கே நின்ற 19 வயதுப் பையன் நம்மை ஆண்டவன் இல்லை, அவனுக்குப் போகாமல் இருக்கும் உரிமையும் இல்லை. எதிரே சில நாள் உணவை முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிய சீனக் கிராமத்துப் பையனுக்கும் இல்லை. இருவருக்கும் நடுவே சொந்த மண்ணிலேயே லட்சக்கணக்கில் செத்தவர்கள் கொரிய மக்கள். இவர்கள் எல்லோரையும் சேர்த்து நினைக்க முடிந்தால்தான் நாம் போர் வரலாறு படிப்பதில் அர்த்தம் இருப்பதாக நினைக்கிறேன்.

அப்புறம், நமக்கும் அங்கே ஒரு பங்கு உண்டு. இந்தியா கொரியாவுக்குச் சண்டைப்படை அனுப்பவில்லை, 60ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். காமன்வெல்த் படைகளோடு சேர்ந்து வேலை செய்த பிரிவு அது. 1950 டிசம்பரில் பியோங்யாங்கை விட்டு எல்லோரும் ஓடியபோது இவர்களுக்கு வண்டி கிடைக்கவில்லை. மருத்துவச் சாதனங்களை விட்டுப்போக மனமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, தாங்களே தண்ணீர் நிரப்பி, நெருப்பு மூட்டி, பாலத்தைத் தகர்ப்பதற்கு முன்பு ஆற்றைக் கடந்துவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் ரங்கராஜ் அமெரிக்கப் பாராசூட் படையோடு முன்சானில் பாராசூட்டில் குதித்து, இறங்கிய இடத்திலேயே அறுவை சிகிச்சை நடத்தினார். மகாவீர் சக்ரா பெற்றவர். 2020இல் தென்கொரிய அரசு ஜூலை மாதத்தின் போர் நாயகராக அவரை அறிவித்தது. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எழுதுகிறேன்.

அன்புடன்.