கிளிப்பில் ஒட்டிய றிபன் பூ கழன்று விழுகிறது: பதில்

தலைமுடிக் கிளிப்பில் சூட்டுப் பசையால் ஒட்டிய பூ இரண்டு நாளில் கையோடு வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பசையில் பிழையில்லை. வழுவழுப்பான இரும்பு சூட்டை உடனே இழுத்துவிடும். பசை பிடிக்க முதலே இறுகிப்போகும்.

முதலில் கிளிப்பின் மேற்பக்கத்தை அரத்தாளால் உரசி, நெயில் பொலிஷ் ரிமூவரால் துடையுங்கள். 4.5 செ.மீ கிளிப்புக்கு 1 செ.மீ அகல றிபனில் 9 செ.மீ வெட்டுங்கள். வாயின் உள்பக்கத்தில் தொடங்கி, நுனியைச் சுற்றி, மேலால் கொண்டுபோய், அழுத்தும் பிடியின் அடியில் மடித்து ஒட்டுங்கள். பூவை இந்த றிபனில் ஒட்டி, நடுவில் நாலு தையலும் போடுங்கள். அதுதான் உண்மையில் தாங்கும்.

சாட்டின் வழுக்கும், திருகோணமலை மத்திய வீதிக் கடைகளில் தொட்டால் வரிவரியாகத் தட்டுப்படும் றிபன் கேட்டுப் பாருங்கள். பொலியெஸ்டர் என்றால் நுனியை மெழுகுதிரியில் காட்டினால் நூல் பிரியாது. பருத்தி கருகும்.

கிளிப்புகளை வரிசையாக மாட்டிவைக்கும் றிபன் பட்டிக்கு 4 செ.மீ அகலம், 60 செ.மீ நீளம் போதும். கீழ் நுனியில் ஐஸ்பழக் குச்சி வைத்துத் தைக்காவிட்டால் சுருளும்.

திருகோணமலையில் நத்தார் நேரம் மழைதானே, ஈரக் கையோடு கிளிப்புகளைப் பொதி செய்யாதீர்கள். உரசிய இடம் துருப்பிடித்து வெள்ளை றிபனில் கறை ஏறும்.