நீராவியைப் பிளப்பது இரட்டைச் செலவா?

கேள்வி: டீச்சர், தண்ணீரில் மின்சாரம் விட்டாலே ஹைட்ரஜன் வந்துவிடுகிறது. அதை ஆவியாக்கி, 800 டிகிரிக்குச் சூடேற்றி, அப்புறம் மின்சாரம் விடுகிறார்களாமே, எதற்கு? நான் சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பவன். ஆவிக்கு எவ்வளவு விறகு போகும் என்று எனக்குத் தெரியும். இது இரட்டைச் செலவு இல்லையா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: விறகுக் கணக்கு பார்த்தவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். நான் பாடம் எடுத்த நாட்களில் 9 வோல்ட் பேட்டரியையும் இரண்டு பென்சில் கரியையும் வைத்து உப்புத் தண்ணீரில் குமிழி எழுப்பிக் காட்டுவேன். “வெந்நீர் ஊற்றினால் இன்னும் வருமா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். ஊற்றிப் பார்த்தோம். குமிழி கூடத்தான் வந்தது. உங்களுக்கான பதிலின் தொடக்கம் அந்த டம்ளரில் இருக்கிறது.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ தண்ணீர் வேண்டும். துளி நஷ்டம் இல்லாமல் பிளந்தாலும் 39.4 யூனிட் ஆற்றல் ஆகும். அதில் ஏறக்குறைய 6 யூனிட், திரவத்தை ஆவி நிலைக்குக் கொண்டுபோகும் செலவு. நீங்கள் பாய்லர் வைக்காவிட்டாலும் அது போய்விடாது. மின்சாரத்தின் தலையில் விழும். ஆக, ஆவிச் செலவு புதிதாகச் சேர்வதல்ல, முன்பே உள்ளே இருப்பதுதான். அதை விலை கூடிய மின்சாரத்திடமிருந்து வாங்கி, வீணாகிற வெப்பத்திடம் கொடுக்கிறார்கள்.

சரி, 800 டிகிரி எதற்கு? இந்தக் கருவியின் நடுவில் இருப்பது இட்ரியம் ஆக்சைடு கலந்த சிர்கோனியா என்ற பீங்கான் தகடு. குளிர்ந்திருக்கும்போது அது எதையும் கடத்தாது. நன்றாகக் காய்ந்தால்தான் ஆக்சிஜன் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜன் அணுக்கள், அதற்குள் புகுந்து மறுபக்கம் போகும். ஹைட்ரஜன் இந்தப் பக்கமே நிற்கும். ஆனால் அந்தச் சூடு முழுவதையும் வெளியிலிருந்து தர வேண்டியதில்லை. வெளியேறும் வாயுக்கள், உள்ளே வரும் ஆவியைக் காய்ச்சிவிட்டுப் போகின்றன. மின்சாரம் தகட்டில் தடைபட்டு எழுப்பும் வெப்பமும் அங்கேயே பயன்படுகிறது. எனவே கேட்பது உங்கள் பாய்லர் தருவது போன்ற சாதாரண நீராவிதான். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது.

ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் உருக்காலையில் இதைச் செய்து பார்த்தார்கள். சன்ஃபயர் நிறுவனத்தின் 720 கிலோவாட் கருவி அது. ஆலையின் கழிவு வெப்பத்தில் எடுத்த ஆவியைக் கொண்டு மணிக்கு 200 கன மீட்டர் ஹைட்ரஜன் தந்தது. தண்ணீரை நேராகப் பிளக்கும் சாதாரணக் கருவிகள் கிலோவுக்கு 50 யூனிட் மின்சாரத்தைத் தாண்டும்போது, இவ்வகைக் கருவிகளுக்கு 40ஐ ஒட்டித்தான் ஆகிறது.

இதற்கென்றே விறகு வாங்கி ஆவி எடுப்பதானால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஆவி வீணாகும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இது நிற்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: அடிக்கடி ஆற்றிச் சூடாக்கினால் பீங்கான் விரிசல் விடும், தகட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் மின்வாய் அதை விட்டுப் பிரியும். வெயில் வரும்போது போட்டு, போனால் அணைக்கிற ஏற்பாடு இதற்கு ஒத்துவராது. தகடுகளின் ஆயுளைக் கூட்டுவதுதான் இப்போது பெரிய வேலை.

கேள்வி: செவ்வாயில் ஆக்சிஜன் தயாரித்த கருவியும் இதே வகையா?
– ஒரு மாணவி, திருச்சி

பதில்: ஆமாம் கண்ணு, அதே குடும்பம். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் போன மாக்சி கருவி, 800 டிகிரியில் நீராவிக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடைப் பிளந்தது. 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தந்தது. உன் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் (இன்றைய என்.ஐ.டி.) படித்த கே.ஆர்.ஸ்ரீதர், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அரிசோனா பல்கலைக்கழகத்தில் செவ்வாய்க் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் கருவியில் வேலை செய்தவர். பிறகு அவர் தொடங்கிய புளூம் எனர்ஜி, இன்று நீராவியைப் பிளக்கும் கருவிகளையும் செய்கிறது.