பயிற்சி மருத்துவர்கள் இல்லாவிட்டால் ஆபரேஷன் நின்றுவிடுமா?

நிற்காது, ஆனால் பாதியாகலாம். 2024 பிப்ரவரியில் தென் கொரியாவில் அதுதான் நடந்தது. மருத்துவக் கல்லூரி இடங்களை 2,000 கூட்டும் அரசுத் திட்டத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான பயிற்சி மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். தலைநகர் சியோலின் ஐந்து பெரிய மருத்துவமனைகளில் அப்போது மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவர்கள்தான் இருந்தார்கள். அங்கே அறுவை சிகிச்சைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. புற்றுநோய் ஆபரேஷன்கள்கூடத் தள்ளிப்போயின.

சரி, பெரிய டாக்டர்கள் இருந்தும் ஏன்? கத்தி பிடிப்பவர் அவர்தான். ஆனால் எதிரே நின்று சதையை விலக்கிப் பிடிப்பது, ரத்தத்தை உறிஞ்சி எடுப்பது, கடைசியில் தோலைத் தைப்பது, அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் காய்ச்சல் என்றால் ஓடுவது, எல்லாம் பயிற்சி மருத்துவர். என்னைக் கேட்டால், மலிவான கைகளை நம்பிக் கட்டிய ஏற்பாடு இது. தென் கொரியாவில் வெளியேறியவர்களின் வேலைகளில் பலவற்றைச் செவிலியர்களை வைத்தே செய்தார்கள். அதற்கு இடம்கொடுக்கும் சட்டம் 2024 ஆகஸ்டில் நிறைவேறியது.