அட்வான்ஸ் கொடுக்கும் முன் வரைவைத் திருத்துங்கள்

கேள்வி: நானும் உடன் வேலை செய்யும் இரண்டு தோழிகளும் ஹாஸ்டலை விட்டு, முதன்முறையாக மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் வீடு பார்த்திருக்கிறோம். வாடகை 24,000 ரூபாய். அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, அதாவது 1,44,000. உரிமையாளர் துபாயில் வேலை பார்க்கிறார். அவர் தம்பிதான் எல்லாம் பேசுகிறார். டோக்கன் 10,000 கொடுத்துவிட்டோம். 11 மாத ஒப்பந்த வரைவு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்களாம். கரன்ட் யூனிட்டுக்கு 9 ரூபாயாம். அடுத்த ஆள் குடிவந்த பிறகுதான் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமாம். மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்பதே சட்டவிரோதம் என்கிறார்களே, உண்மையா? கையெழுத்துப் போடலாமா?
— வாசகி, சென்னை

பதில்: இப்போது இருக்கும் வரைவில் போடாதீர்கள்.

மூன்று மாத அட்வான்ஸ் என்பது பாதி உண்மை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017-ன் 11-வது பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்த வாக்கியமே 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாதபோது' என்றுதான் தொடங்குகிறது. ஆறு மாதம் தருகிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டவிரோதம் என்று வாதாடுவது கடினம். பெயின்டிங், ரிப்பேர் விஷயங்களும் இதே கதைதான். ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் இப்போதுதான். 72,000-க்குக் கேட்டுப் பாருங்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊர் இது. நான்கு மாதத்தில் முடிந்தாலும் நல்லதே.

உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காமல் விட்ட விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: உரிமையாளர் துபாயில் இருக்கிறார்.

முதலில், தம்பி எந்த அதிகாரத்தில் கையெழுத்துப் போடுகிறார்? 'அண்ணன்தான் சொன்னார்' என்பது போதாது. வீட்டை வாடகைக்கு விடவும் முன்பணம் பெறவும் அதிகாரம் தரும் பவர் பத்திரம் வேண்டும். அது துபாயில் எழுதப்பட்டது என்றால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பம் இருக்க வேண்டும். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். நகல் வாங்கி, அதில் உள்ள பெயரை சொத்து வரி ரசீதோடு ஒப்பிடுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தையும் பாருங்கள். வங்கிக் கடனுக்கான பதிவு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, தவணை ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் கேளுங்கள். கடன் கட்டாமல் வங்கி வீட்டைக் கைப்பற்ற வந்தால், அட்வான்ஸைத் திரும்ப வாங்கித் தருவது வங்கியின் வேலை இல்லை.

இரண்டாவது, வரி. உரிமையாளர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாடகை கொடுப்பவர்தான் அதில் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். மாத வாடகை 50,000-க்கு மேல் போனால்தான் வரி பிடிக்க வேண்டும் என்ற வரம்பு உள்நாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு மட்டுமே பொருந்தும். விகிதம் 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ்; ஆக 31.2. உங்கள் 24,000-ல் மாதம் 7,488 ரூபாய். இதற்கு டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) எடுக்க வேண்டும், காலாண்டுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகையையும் வட்டியையும் துறை உங்களிடம்தான் கேட்கும். மாதச் சம்பளக்காரர்கள் மூவருக்கு இது தேவையில்லாத தலைவலி. உரிமையாளர் வருமான வரித் துறையில் குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்கித் தந்தால் பிடிக்கும் தொகையாவது குறையும். பணம் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்கே (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு இங்கே வைக்கும் வங்கிக் கணக்கு) போகட்டும். தம்பியின் கணக்கில் போட்டுவிட்டால் இந்தப் பொறுப்பு தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதற்கெல்லாம் அவர் ஒத்துவராவிட்டால் வேறு வீடு பார்ப்பதே மேல்.

இனி வரைவு. 'அடுத்த ஆள் குடிவந்த பிறகு அட்வான்ஸ்' என்ற வரியை அடித்துவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்கிறது சட்டம். நீங்கள் எழுத வேண்டியது: 'சாவி ஒப்படைக்கும் நாளிலேயே, தவறினால் 30 நாட்களுக்குள், பிடித்தங்களின் பில்லுடன் திருப்பித் தரப்படும்.' பில் என்ற சொல் முக்கியம். அது இல்லாமல்தான் பழைய குழாய்க்குப் புதுக் குழாய் விலை பிடிக்கப்படுகிறது.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், கீசர், வாஷ் பேசின், கழிப்பறை ரிப்பேர் உங்களுடையது. ஆக பெயின்டிங்குக்கு 24,000 என்பது நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே வரும் செலவு. அந்த வரியை நீக்க மறுத்தால், 'இரண்டு ஆண்டுக்குள் காலி செய்தால் மட்டும், உச்சபட்சம் 8,000' என்பதுபோல் ஒரு வரம்பாவது போடுங்கள்.

கரன்ட்: அந்த வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்ற பேச்சுக்கே இடமில்லை, இணைப்பு எண்ணை வாங்கி நீங்களே மின்வாரியத்தில் கட்டலாம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடினால் அந்த 9 ரூபாய்க் கணக்கில் 2,700. வாரியக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் காசே கிடையாது, மீதியும் குறைந்த அடுக்கு விலையில்தான் வரும்.

மூவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறிப் போகும் நாளில் மற்ற இருவருக்கும் அந்த வீட்டில் எந்த உரிமையும் இருக்காது. உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் உள்வாடகையும் கூடாது. 'ஒருவர் விலகினால் அவருக்குப் பதில் இன்னொருவர் சேரலாம்' என்று ஒரு வரி போதும்.

11 மாதம் போடுவது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைத் தவிர்க்க. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் அது கட்டாயம். 2017 சட்டப்படியான பதிவு வேறு, அதில் 11 மாதம் என்ற விலக்கு கிடையாது. tenancy என்று தொடங்கும் அரசுத் தளத்தில் உரிமையாளரோ நீங்களோ வாடகை அதிகாரியிடம் விண்ணப்பித்துப் பதிவு எண் வாங்கலாம். அந்த எண் இல்லாமல் அட்வான்ஸ் தகராறுக்குப் போனால், முதல் கேள்வியிலேயே உங்கள் ஒப்பந்தம் சறுக்கும்.

சாவி வாங்கும் அன்று, சாமான் ஏற்றுவதற்கு முன், காலி வீட்டை வீடியோ எடுங்கள். மின் மீட்டரின் ரீடிங்கில் தொடங்குங்கள். ஒவ்வொரு டேப்பையும் திறந்து மூடுங்கள். பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று காட்டுங்கள். மேற்கூரைக் கறை, டைல்ஸில் பழைய ஆணித் துளை, கீறிய அலமாரிக் கதவு, எல்லாம் வரட்டும். அன்றே வாட்ஸ்அப்பில் தம்பிக்கும் அண்ணனுக்கும் அனுப்புங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்; மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

டோக்கன் பற்றி: திரும்பத் தர மாட்டோம் என்று எழுத்தில் எதுவும் இல்லை என்றால், வரைவில் உடன்பாடு வராதபோது அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உண்மையான நஷ்டம் இருந்தால் அதை மட்டும் அவர்கள் பிடிக்கலாம். இன்றே தம்பிக்கு இப்படி அனுப்புங்கள்: '10,000 ரூபாய் டோக்கன் கொடுத்துள்ளோம். வரைவில் கீழ்க்கண்ட திருத்தங்களும் பவர் பத்திர நகலும் வேண்டும். உடன்பாடு ஏற்படாவிட்டால் டோக்கனை எங்கள் கணக்குக்குத் திருப்பி அனுப்பவும்.' பதில் போனில் வந்தால், பேசியதைச் சுருக்கி அதே எண்ணுக்குத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள்.