வகுப்பில் ஒருவனை ‘ஒம்போது’ என்று கேலி செய்கிறார்கள், ஆசிரியர்கள் கண்டுகொள்வதில்லை. கூடப் படிக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும்?

நீங்கள் பிளஸ் ஒன்றோ பிளஸ் டூவோ படிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். செய்ய முடியும். நாங்கள் செய்தோம்.

கோத்தகிரி பக்கம் படித்தவள் நான். எங்கள் செட்டில் ஒருவனுக்கு இதே நிலைதான். மிஸ் அட்டெண்டன்ஸை எண் சொல்லித்தான் எடுப்பார். எட்டு முடிந்ததுமே வகுப்பு மொத்தமும் அவன் பக்கம் திரும்பும். அவன் எண் அது இல்லை. ஒன்பதாம் எண்காரன் எழுந்து ‘உள்ளேன் மிஸ்’ சொல்வதற்குள் கடைசி பெஞ்சில் சிரிப்பு ஆரம்பித்துவிடும். பாத்ரூமில் வழிமறிப்பார்கள் என்று அவன் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டான். குளிர் ஊர், யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

நாங்கள் சிலர் பேசி வைத்துக்கொண்டோம். சண்டைக்குப் போகவில்லை. இன்டர்வெலில் பையன்கள் இரண்டு பேர் அவனோடு போய் வந்தார்கள். நானும் இன்னொருத்தியும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், “எண் வேண்டாம் மிஸ், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்” என்றோம். காரணம் கேட்டார், சொன்னோம். ஒன்றும் பேசாமல் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். மறுநாள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அந்தச் சிரிப்பு அதோடு நின்றது.

பஸ்ஸில்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. எஸ்டேட் லைன் பக்கம் போக சாயங்காலம் ஒரே பஸ், அதில் மூச்சுவிட இடமிருக்காது. மே மாதம் ஊருக்கு வருபவர்களுக்கு எவ்வளவு ஏற்பாடு செய்கிறார்கள்! வருஷம் முழுக்கப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு பஸ் விட இத்தனை வருஷமாக யாருக்கும் மனசு வரவில்லை. இன்றைக்கும் அதே கதைதான். கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அடி வாங்குவது அந்தக் கூட்டத்துக்குள்தான்.

‘பிள்ளைகளுக்குக் கண்டதையும் சொல்லிக் கொடுக்காதே’ என்று கீழே எழுத வருவார்கள். அவன் யாரை விரும்புகிறான் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அது அவன் விஷயம். ‘இது வெளிநாட்டுச் சமாச்சாரம்’ என்றும் சொல்வார்கள். யுனெஸ்கோவும் சென்னையின் சகோதரன் அமைப்பும் தமிழ்நாட்டிலேயே பாலினத்திலோ பாலீர்ப்பிலோ மாறுபட்ட இளைஞர்கள் 371 பேரிடம் விசாரித்தார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் துன்புறுத்தப்பட்டதாகப் பாதிப் பேருக்கு மேல் சொன்னார்கள். பள்ளியில் புகார் கொடுத்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. கனடாவில் 2007-ல் ரோஸ் சட்டை போட்டு வந்த பையனைக் கிண்டல் செய்தபோது, சீனியர் மாணவர்கள் இருவர் 50 ரோஸ் சட்டை வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். யூனிஃபார்ம் போடும் நமக்கு அது ஒத்துவராது, கூட நிற்பது ஒத்துவரும்.

எங்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இப்படி மாறுபட்ட பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குப் புரியவைக்கச் சொல்கிறது. பிரின்ட் எடுத்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அவன் பெயரை எழுத வேண்டாம், நடப்பதை மட்டும் எழுதுங்கள். அவனைக் கேட்காமல் அவன் வீட்டுக்கு எதுவும் போகக் கூடாது, சில வீடுகளில் அடி இன்னும் மோசமாக விழும். யாராவது கை வைத்தால் மட்டும் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள்.