மதிப்பெண்ணை மறைக்க வேண்டாம்

அன்புள்ள சார்,

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். நானும் என் தோழியும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்ச். இந்த வருடம் அவள் கணக்கில் தொடர்ந்து ஃபெயில் ஆகிறாள். எனக்குக் கணித ஒலிம்பியாடில் அடுத்த சுற்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மதிப்பெண்ணையும் குறைத்தே சொல்கிறேன். தினமும் மாலையில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நேரமாகிவிட்டால் வீட்டுக்கணக்கை நானே போட்டுத் தந்துவிடுவேன். என்னுடைய தயாரிப்பு அப்படியே நிற்கிறது. நேரத்தைக் குறைத்துக்கொண்டால் நான் சுயநலக்காரியா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

இல்லை. நீங்கள் சுயநலக்காரி இல்லை. ஆனால் மறைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஒலிம்பியாட் செய்தி எப்படியும் அவள் காதுக்குப் போகும், அதுவும் வேறு யார் மூலமாகவோ. அப்போது உங்கள் வெற்றியைவிட, 'இவளால் இதைத் தாங்க முடியாது' என்று நீங்களாகவே முடிவு செய்ததுதான் அவளுக்கு அதிகம் வலிக்கும். நேரில் சொல்லுங்கள். மகிழ்ச்சியாகவே சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். அவள் முகம் சற்று வாடலாம். ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நாம் முக்கியமாக நினைக்கும் ஒரு விஷயத்தில் முன்பின் தெரியாதவர் ஜெயிப்பதைவிட, நெருங்கியவர் ஜெயிப்பது நம்மை அதிகம் உறுத்தக்கூடும் என்கிறார். ஆகவே அந்த வாட்டத்தைப் பொறாமை என்று பெயரிட்டு விலகிவிடாதீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீட்டுக்கணக்கு. இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், நீங்கள் போட்டுத் தருவது உதவியே இல்லை. நீங்கள் போட்ட கணக்கைப் பார்க்கும்போது அவளுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தேர்வில் வெள்ளைத்தாளைப் பார்த்ததும் எதுவும் வராது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். கணக்குக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். பேனா அவள் கையில் இருக்கட்டும். ஒரு வரி எழுதியதும் 'ஏன் இப்படி?' என்று மட்டும் கேளுங்கள். தடுமாறினால் அவசரப்பட்டு விடையைச் சொல்லாமல் காத்திருங்கள். பெரும்பாலும் சிக்கல் இந்த வருடப் பாடத்தில் இருக்காது. பின்னம், குறிமாற்றம் என்று எட்டாம் வகுப்பிலேயே விட்டுப்போன ஏதோ ஒன்றாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

இதற்குத் தினமும் மாலை முழுவதும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் போதும். எந்த நாள் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். மற்ற மாலைகள் உங்கள் ஒலிம்பியாடுக்கு. எரிச்சலோடு தினமும் உட்கார்வதைவிட இது அவளுக்கும் நல்லது.

அப்புறம் ஒன்று. கணக்கில் மட்டுமா, மற்ற பாடங்களிலும் சரிகிறாளா? சரியாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா? எதிலும் ஆர்வமில்லாமல், யாரோடும் பேசாமல் இருக்கிறாளா? அப்படியென்றால் இது டியூஷனில் தீருகிற விஷயம் இல்லை. நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடமோ அவள் அம்மாவிடமோ சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்டிருந்தாலும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை. அந்தப் பாரத்தைப் பதினாறு வயதில் நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது.